பி.எட். முடித்தால் டீச்சரா? தமிழ்நாட்டில் ஆசிரியர் ஆகும் வழி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், டீச்சர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் பி.எட். இதில் பி.எட். சரி. ‘ஏதாவது ஒரு டிகிரி’ என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். அரசுப் பள்ளி வேலைக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் 17, 18 வயதில் எடுத்த ஒரு முடிவால்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மருத்துவம் படித்தவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்கிறார், சட்டம் படித்தவர் பார் கவுன்சிலில். பதிவு எண் கையில் இருந்தால் தொழில் செய்யலாம். பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒரு பதிவோ உரிமமோ இந்தியாவில் கிடையாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, சிறப்பாசிரியர்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கு உரிமத்துக்குப் பதிலாகப் பல துண்டுகள்தான் இருக்கின்றன. எந்தப் பட்டம், எத்தனை மதிப்பெண், எந்தப் பயிற்சி, எந்தத் தகுதித் தேர்வு, எந்தப் போட்டித் தேர்வு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அமைப்பு முடிவு செய்கிறது. பயிற்சிப் படிப்புகளுக்கான விதிகளும் குறைந்தபட்சத் தகுதியும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யிடம். பி.எட். பட்டம் 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திடம். தகுதித் தேர்வும் வேலைக்கான தேர்வும் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி.யிடம். ஓர் இடத்தில் செல்லுபடியாகும் தாள் அடுத்த இடத்திலும் செல்லுபடியாகும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அரசுப் பள்ளியில் மூன்று படிகள். 1 முதல் 5 வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர், பேச்சு வழக்கில் செகண்டரி கிரேடு. 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டெண்ட். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். இடைநிலை ஆசிரியருக்குப் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூவில் 50 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45, அதன் பிறகு இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். கீழ்ப்படிதானே, மேல்படிக்குப் படித்துவிட்டால் கீழேயும் எடுக்கலாம் என்று பலர் நினைத்திருந்தார்கள். என்.சி.டி.இ.யும் 2018 ஜூன் 28 அறிவிக்கையில் அப்படித்தான் சொன்னது: பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்கு வரலாம், சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று ஒதுக்கியது. சின்னக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது வேறு திறமை, பி.எட். அதற்கான பயிற்சி அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஐந்தாண்டு இடைவெளியில் இந்த அறிவிக்கையை நம்பி நாடு முழுக்கப் படித்தவர்களின் கணக்கை யார் தீர்ப்பது என்பது வேறு கேள்வி.

இனி அந்த ‘ஏதாவது ஒரு டிகிரி’. பட்டதாரி ஆசிரியர் பணியிடம் என்பது பாடவாரியானது. டி.ஆர்.பி. 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் இருந்தவை தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். ஒன்பதே பாடங்கள். பி.காம். படித்தவருக்கு இதில் இடமில்லை. பி.ஏ. பொருளியலுக்கும் இல்லை. இவர்கள் பி.எட். சேர்வதற்கே முதுகலைப் பட்டம் வேண்டும், படித்தாலும் மேல்நிலை வகுப்பு வேலைக்குத்தான் போக முடியும். கணினி அறிவியல் படித்துவிட்டு பி.எட். முடித்தவர்கள் ஏராளம். 6 முதல் 10 வரை அந்தப் பாடத்துக்குப் பணியிடம் கேட்டு அவர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், மேலே சொன்ன பட்டியலில் அந்தப் பாடமே இல்லை.

இதைவிட நுணுக்கமானது பட்டத்தின் பெயர். கல்லூரிகள் மாணவர்களை இழுக்கப் புதுப் புதுப் பெயரில் பட்டங்களைத் தொடங்குகின்றன. பாடத்திட்டம் முக்கால்வாசி பழைய விலங்கியலாகவே இருக்கும், சான்றிதழில் மட்டும் வேறு பெயர். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி என்று வாங்கி வைத்திருப்பவர், தன் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையைத் தேடி அலைய வேண்டும். அரசாணை இருந்தால் அதன் நகலையும் சான்றிதழோடு நீட்டலாம். இல்லையென்றால் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் சரிபார்ப்பு மேசையில் கதை முடிந்தது. சில பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை வரும்போது, அதற்காகக் காத்திருந்தவருக்கு வயது பத்து கூடியிருக்கும். கல்லூரியில் சேரும் நாளில் எந்த அட்மிஷன் கவுன்ட்டரிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சீட்டு நிரம்பாது.

வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் அரசாணை வந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீட்டை நம்புகிறவர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளி மூடப்பட்டிருந்தால் அந்தச் சான்றுக்கு எங்கே போவது என்பது தனி அலைச்சல்.

பி.எட். சேர்க்கையில் பெரிய சிக்கல் இல்லை. பட்டப்படிப்பில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. மதிப்பெண் இருந்தால் சேரலாம், நுழைவுத் தேர்வோ நேர்காணலோ இல்லை. அரசு, உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. மீதிக்குத் தனியார், அவர்கள்தான் மிகப் பெரும்பான்மை.

2015-16 வரை... இல்லை, அதற்கு முந்தைய ஆண்டு வரை பி.எட். ஓராண்டுப் படிப்பு. அதன் பிறகுதான் இரண்டாண்டானது. இதற்குப் பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012 அறிக்கை இருக்கிறது. பயிற்சிக் கல்லூரிகள் வணிகக் கடைகளாகிவிட்டன என்று அந்த ஆணையம் வருந்தியது, பயிற்சிக் காலத்தை நீட்டச் சொன்னது. என்.சி.டி.இ. 2014-ல் விதிகளை மாற்றியது. இரண்டாண்டில் மொத்தம் 20 வாரம் பள்ளியோடு இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாமாண்டில் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். நடப்பு அப்படியா? முதலாண்டில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று நடக்கும். சக மாணவர்களே ஐந்தாறு பேர் பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்ள, ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் கேள்வி கேட்கும் திறன், அடுத்த நாள் கரும்பலகையில் எழுதும் திறன் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் கையை உயர்த்தி "டீச்சர், டீச்சர்" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாமாண்டில் பள்ளிக்கு அனுப்பினால், பல இடங்களில் ஆள் பற்றாக்குறையை நிரப்ப ஒருவர் கிடைத்தார் என்று தலைமையாசிரியர் காலியான வகுப்பில் விட்டுவிடுவார். பாடக்குறிப்பு நோட்டு, சார்ட், ரெக்கார்டு எல்லாம் பக்காவாக இருக்கும். செய்முறை மதிப்பெண் அதற்குத்தான். வகுப்புக்கே வராமல் பரீட்சைக்கு மட்டும் வரும் ‘நான்-அட்டெண்டன்ஸ்’ பி.எட். பற்றி ஆசிரியர் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

உள்ளே நுழைவது இவ்வளவு சுலபம் என்பதால்தான் வெளிவாசலில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு வந்து நிற்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ம் பிரிவு, ஆசிரியர் தகுதியை ஒரு மத்திய அமைப்பு முடிவு செய்யட்டும் என்றது. அந்த அதிகாரம் என்.சி.டி.இ.க்குப் போனது. 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையில், 1 முதல் 8 வரை யார் எடுப்பதானாலும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று அது சொன்னது. தொடக்க வகுப்புக்கு முதல் தாள், 6 முதல் 8 வரைக்கு இரண்டாம் தாள், ஒவ்வொன்றிலும் 150 கொள்குறிக் கேள்விகள், 60 சதவீதம், அதாவது 90 எடுத்தால் தேர்ச்சி.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12-ல் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், தேறியவர்கள் சுமார் 2,400 பேர். ஒரு சதவீதம்கூட இல்லை. மாநிலமே அதிர்ந்தது. ஆசிரியர்களுக்கே பாடம் தெரியவில்லை என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்பதை மட்டும் பேச மறந்தார்கள். அக்டோபரில் துணைத் தேர்வு வைத்து மூன்று மணி நேரம் கொடுத்தபோது தேர்ச்சி பல மடங்கு கூடியது. பிறகு 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 55 சதவீதமாகக் குறைந்தது. 150-ல் 55 சதவீதம் என்றால் 82.5, அரசு அதை 82 என்று வைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் சலுகையை ரத்து செய்ய, 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எட்டே எட்டு மதிப்பெண்ணுக்காக இரண்டரை ஆண்டு வழக்கு.

இதற்கு முன்னால் எப்படி வேலை கிடைத்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பயிற்சி முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, அதன் பிறகு சீனியாரிட்டி நகரும் வரை காத்திருப்பு. எம்ப்ளாய்மெண்ட் கார்டை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு கடிதம் வாங்கியவர்கள் உண்டு. டெட் அந்த வரிசையைக் கலைத்தது. தேறினாலே வேலை என்று நம்பியவர்களுக்கு 2014 மே மாதம் வெயிட்டேஜ் முறை வந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு டெட் மதிப்பெண்ணுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. பிளஸ் டூவில் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்காத காலத்தில் படித்த மூத்தவர்களை இது அடித்தது. போராட்டங்களுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வெயிட்டேஜை எடுத்துவிட்டுத் தனிப் போட்டித் தேர்வு என்றார்கள். அந்தப் போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 பிப்ரவரி 4-ல், இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே ஆண்டு ஜூலை 21-ல். அறிவிப்புக்கும் தேர்வுக்கும் நடுவே ஐந்தாண்டுக்கு மேல். டெட்டைக் குறைந்தது ஆண்டுக்கொரு முறை நடத்த வேண்டும் என்பது விதி. இங்கே நடந்தவை 2012, 2013, 2017, 2019, 2022, 2025 என்று போகின்றன. 2022 தேர்வின் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில்தான் நடந்தது. சான்றிதழுக்கு முதலில் ஏழு ஆண்டுதான் ஆயுள். தேறிவிட்டு வேலை கிடைக்காமல் சான்றிதழ் காலாவதியான அவலத்தைப் பார்த்த பிறகு, 2021-ல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். வயது வரம்பும் இப்படித்தான். 2020-ல் 40 என்று கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் தளர்த்தி, 2023 அக்டோபரில் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று ஆக்கினார்கள். 58 வயதில் பணியில் சேர்ந்தால் 60-ல் ஓய்வு!

போட்டித் தேர்வில் முதலில் கட்டாயத் தமிழ்: 30 கேள்வி, 50 மதிப்பெண், 20 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். அதன்பின் பாடத்தாள். வென்றால் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, இடைநிலை ஆசிரியருக்கு 20,600-ல். ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்லித் தருவது வேறு திறமை என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் சம்பளப் பட்டியல் அந்த வேலையை இந்த இடத்தில்தான் வைத்திருக்கிறது. முதுகலை ஆசிரியருக்கு டெட் கிடையாது, முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் டி.ஆர்.பி. தேர்வும் போதும். டெட் எட்டாம் வகுப்பு வரைக்கான சட்டத்திலிருந்து வந்தது, அதனால் மேலே போகவில்லை.

இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பிளஸ் டூவிலிருந்து நியமன ஆணை வரை, இவருக்கு வகுப்பெடுக்க வருமா என்று பார்ப்பவர் யார்? பி.எட். சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியல். டெட்டுக்கு ஓ.எம்.ஆர். தாள். போட்டித் தேர்வுக்கும் அதே வட்டத்தை நிரப்பும் வேலை. டெட்டில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று 30 மதிப்பெண் இருக்கிறது. அகலமான டம்ளரில் இருந்த தண்ணீரை ஒடுக்கமான டம்ளரில் ஊற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும் குழந்தை, உளவியலாளர் பியாஜே சொன்ன எந்த வளர்ச்சி நிலையில் இருக்கிறது? இப்படிக் கேட்பார்கள். கோச்சிங் சென்டரில் நான்கு நிலைகளையும் வயதோடு மனப்பாடம் செய்தவர் நொடியில் வட்டத்தை நிரப்பிவிடுவார். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அந்தக் குழந்தை நிஜமாகவே அப்படிச் சொல்லும்போது என்ன செய்வார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அதைப் பார்க்கக்கூடிய ஒரே இடம் பி.எட். பள்ளிப் பயிற்சி. அதற்கு மதிப்பெண் போடுவதில் பெரிய பங்கு அதே கல்லூரிக்கு.

கேந்திரிய வித்யாலயா பணித்தேர்வில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள், நேர்காணலும் வைத்தார்கள். சொற்பச் சம்பளம் தரும் மெட்ரிக் பள்ளியில்கூட டெமோ கிளாஸ் எடுத்த பிறகுதான் வேலை. லட்சக்கணக்கில் எழுதும் தேர்வில் ஒவ்வொருவரையும் வகுப்பெடுக்கச் சொல்ல முடியாது என்பது நியாயம்தான். நேர்காணல் என்றாலே சிபாரிசும் பணமும் புகுந்துவிடும் என்ற பயமும் நியாயம்தான், அனுபவத்தில் வந்த பயம் அது. ஆனால் எழுத்துத் தேர்வில் தேறி வந்த சில ஆயிரம் பேரை, முதல் ஓராண்டு மூத்த ஆசிரியர் ஒருவரின் பார்வையில் வைத்து, அதன் முடிவில் பணியை உறுதி செய்ய முடியும். தகுதிகாண் பருவம் என்று விதியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இப்போது அது பெரும்பாலும் கோப்பில் கழிகிறது.

தனியார் பள்ளி விஷயம் இன்னொரு பக்கம். டெட் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆனால் நடைமுறையில் யாரும் கறாராகக் கேட்பதில்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருந்தது.

2025 செப்டம்பர் 1 தீர்ப்பு இந்த இடத்தில்தான் வந்து விழுந்தது. மகாராஷ்டிரம், தமிழ்நாடு இரண்டிலிருந்தும் போன வழக்குகள். பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் எல்லா ஆசிரியர்களும், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களாக இருந்தாலும், இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது இரண்டு நீதிபதிகள் அமர்வு. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் அப்படியே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் டெட் இல்லாமல் இல்லை. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. இருபது, இருபத்தைந்து ஆண்டு வகுப்பெடுத்தவர்கள், தங்களிடம் படித்த பிள்ளைகளோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து தேர்வெழுத வேண்டிய நிலை. தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு போட்டது. தாங்கள் சேர்ந்த நாளில் இருந்த விதிப்படி முறையாக வந்தவர்கள் என்பது ஆசிரியர்களின் வாதம், அதில் பலம் இருக்கிறது. 1998-ல் சீனியாரிட்டிப்படி வந்தவருக்கு 2010 விதியை மாட்டுவது எனக்கும் சரியாகப் படவில்லை. இரண்டாண்டு வகுப்பறைப் பயிற்சி கொடுத்து மதிப்பிட்டிருந்தால் பிள்ளைகளுக்காவது ஏதாவது கிடைத்திருக்கும்.

இப்போது பிளஸ் டூ முடிக்கிறவர்கள் முன்னால் இன்னொரு பாதையும் இருக்கிறது, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு. இது புதிதல்ல. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் 1960-களிலிருந்து தென்மாநில மாணவர்களுக்கு இதை நடத்துகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, இந்த நான்காண்டுப் படிப்பையே 2030-க்குள் குறைந்தபட்சத் தகுதியாக்க வேண்டும் என்கிறது. 2023-24 முதல் நாடு முழுக்கச் சில கல்வி நிறுவனங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்தார்கள். சேர்க்கைக்குத் தேசிய அளவில் பொது நுழைவுத் தேர்வு, அதைத் தமிழிலும் எழுதலாம். அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, 2025 ஆகஸ்டில் தனக்கென்று ஒரு பள்ளிக் கல்விக் கொள்கையையும் வெளியிட்டது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தகுதியை முடிவு செய்யும் அதிகாரம் என்.சி.டி.இ.யிடம்தான் இருக்கிறது என்பதால், மாநிலக் கொள்கை வேறாக இருந்தாலும் குறைந்தபட்சத் தகுதி டெல்லியில்தான் எழுதப்படும். ஒரு வருடம் மிச்சமாகும் என்பது இந்தப் படிப்பின் நல்ல பக்கம். 17 வயதிலேயே ஆசிரியர் வேலைதான் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பது அதன் விலை. சேர்வதாக இருந்தால், பட்டத்தில் எழுதப்போகும் முதன்மைப் பாடத்தின் பெயர் டி.ஆர்.பி.யின் கடைசி அறிவிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.